சிலிண்டருக்கு லைசென்ஸ் இருக்கு... சாருக்கு?

நெய்வேலியில் சர்ட்டிபிகேட் இல்லாமல் ஒரு திருகாணியைத் தொட முடியாது. பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு பரீட்சை, ஒரு சர்ட்டிபிகேட். சுரங்கத்தில் வெடி வைக்கிறவருக்கு, தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் சர்ட்டிபிகேட். மேனேஜருக்கு ஒன்று, ஓவர்மேனுக்கு ஒன்று. எங்கள் பிளாக்கில் பல வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பிரேம் போட்ட சர்ட்டிபிகேட் தொங்கும். சில வீடுகளில் சாமியைவிட சர்ட்டிபிகேட்டுக்குத்தான் பெரிய பிரேம்.

இந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடலூர். இன்னும் கொஞ்சம் போனால் புதுச்சேரி. அங்கே பணத்தைக் கட்டி, முதுகில் ஒரு சிலிண்டரை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பிலிருந்து மல்லாக்க வங்காள விரிகுடாவுக்குள் விழலாம். ஸ்கூபா டைவிங்! மனுஷன் மூச்சே விட முடியாத இடம். பாய்லர் பக்கத்திலாவது ஓடுவதற்கு ஒரு வாசல் இருக்கும். இதற்கு இந்திய அரசாங்கம் உங்களிடம் கேட்கிற லைசென்ஸ் என்ன தெரியுமா?

ஒன்றும் கிடையாது ஸார்.

டிரைவிங்குக்கு லைசென்ஸ் உண்டு. டைவிங்குக்கு இல்லை. ஒரு 'ர'கரம் செய்கிற வேலையைப் பாருங்கள்!

எனக்கும் தண்ணீருக்கும் உள்ள சம்பந்தம் மோட்டார் போட்டு டேங்க் நிரப்புவதோடு சரி. நான் படித்தது பி.காம். பக்கத்து பிளாக் பையன்கள் நாலு பேருக்கு வருஷா வருஷம் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுத் தருகிறேன். நாலு பேரும் ஆபீஸ் உத்தியோகம், நாலு பேரும் பிரம்மச்சாரிகள். "அண்ணே, லீவுக்கு ஸ்கூபா போறோம். கவர்மென்ட் லைசென்ஸ் ஏதாச்சும் வேணுமாண்ணே? ஆதார் போதுமா?" என்று கேட்டார்கள். ஃபாரம் பதினாறு தெரிந்த ஆளுக்கு உலகத்தில் உள்ள எல்லா ஃபாரமும் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டுமே என்று விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரிக்க விசாரிக்கச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

சட்டம் பார்ப்பது சிலிண்டரைத்தான்

முதலில் ஒரு திருத்தம். அந்த சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை. நீங்களும் நானும் பஸ் ஸ்டாண்டில் சுவாசிக்கிற அதே காற்றுதான் (புகையை வடிகட்டிவிட்டு). அதை ஒரு சின்ன சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப்போல கிட்டத்தட்ட நூறு மடங்கு. சிலிண்டர் துருப்பிடித்து ஒருநாள் கோபித்துக்கொண்டால் படகே மிஞ்சாது.

ஆகவே அரசாங்கம் விழித்துக்கொண்டிருக்கிறது. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம். அதன் கீழ் 2016-ல் வந்த காஸ் சிலிண்டர் விதிகள். இதையெல்லாம் கவனித்துக்கொள்ள நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சிலிண்டரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி, நிரப்புவதற்கு விதி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பரிசோதனை, பரிசோதித்த தேதியைக் கழுத்தில் முத்திரை குத்துவது... சிலிண்டருக்கு ஜாதகம் உண்டு, மெடிக்கல் செக்கப் உண்டு, ரிட்டயர்மென்ட்கூட உண்டு.

அதைச் சுமக்கிற ஆசாமிக்கு?

பொழுதுபோக்காக முக்குளிக்கிறவர் இன்ன படிப்பு படித்திருக்க வேண்டும், இன்ன வயசு ஆகியிருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. 2018-ல் மத்திய சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்களின் சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். மலையேற்றம், பாராகிளைடிங் எல்லாம் உள்ள அதில் ஸ்கூபாவுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. நல்ல விஷயங்கள்தான். ஆனால் வழிகாட்டி என்பது வீட்டுப் பெரியவர் சொல்கிற புத்திமதி மாதிரி. கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். அவரால் அபராதம் போட முடியாது.

நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே போக்குவரத்துத் துறையின் விதிப்படி சிலிண்டரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். ஆனால் பொழுதுபோக்கு டைவருக்கு லைசென்ஸ் கேட்கும் மத்திய சட்டம் கிடையாது.

அப்புறம் அந்த கார்டு?

'நான் சர்ட்டிஃபைட் டைவர்' என்று சிலர் பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டுவார்கள். அது எந்த அரசாங்கமும் கொடுத்தது இல்லை. தனியார் அமைப்புகள் கொடுப்பது. அதில் பிரபலமானது பி.ஏ.டி.ஐ. (இதைச் சேர்த்து 'பாடி' என்று படித்தால் அபசகுனம். 'பேடி' என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் தமிழில் வீரர்களைக் குறிக்கிற வார்த்தை இல்லை. என்ன செய்ய!) 1966-ல் அமெரிக்காவில், டைவிங் சாமான் விற்றுக்கொண்டிருந்த ஜான் க்ரோனினும், நீச்சல் சொல்லித்தந்த ரால்ஃப் எரிக்ஸனும் சேர்ந்து ஆரம்பித்தது. எஸ்.எஸ்.ஐ., பிரிட்டிஷாரின் பி.எஸ்.ஏ.சி. என்று இன்னும் பல உண்டு. பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. தரநிர்ணயமும் இருக்கிறது.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் சர்ட்டிபிகேட் அரசாங்கம் தருவது. கம்ப்யூட்டர் சென்டர் சர்ட்டிபிகேட் சென்டர்காரர் தருவது. டைவிங் கார்டு இரண்டாவது ரகம். அதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆரம்பப் படிப்பான ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்கு மூன்று நாலு நாள் ஆகும். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். பத்து நிமிஷம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை வேறு. பாஸ் செய்தால் 18 மீட்டர் ஆழம்வரை போகலாம். அடுத்த படிப்புக்கு 30. பொழுதுபோக்கு என்றால் உச்சவரம்பு 40. கார்டு இல்லாத ஆளை, பயிற்சியாளர் துணையில்லாமல், நல்ல கடைக்காரர் தண்ணீரில் இறக்க மாட்டார்.

நம் பையன்கள் போவது இதற்கு இல்லை. அவர்கள் போவது 'டிஸ்கவர் ஸ்கூபா' என்கிற ஒரு நாள் கூத்து. கார்டு வேண்டாம். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பார்கள். கொஞ்ச நேர வகுப்பு, பிறகு பயிற்சியாளர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதிகபட்சம் 12 மீட்டர். ஒரு போட்டோ, ஒரு வீடியோ, ராத்திரியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

நெய்வேலிக் கணக்கு

பன்னிரண்டு மீட்டர்தானே, நாலு மாடி உயரம்கூட முழுசாக இல்லையே என்று நினைப்பீர்கள். நெய்வேலிக்காரர்களுக்குத் தண்ணீர் அழுத்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் லிக்னைட் படுகைக்கு அடியில் ஒரு பிரம்மாண்டமான ஊற்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் அது மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. ராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் லிக்னைட்டை வெட்ட முடியும். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்துவிடும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடுகிறது. மேலே காற்று ஏற்கெனவே ஒரு கிலோ அழுத்துகிறது. ஆக 10 மீட்டரில் இரண்டு மடங்கு. அங்கே வாயில் வரும் காற்றும் அதே இரண்டு மடங்கு அழுத்தத்தில்தான் வரும். அந்த ஆழத்தில் மூச்சை நிறைய இழுத்து, பயத்தில் வாயை இறுக்க மூடிக்கொண்டு விருட்டென்று மேலே வந்தால் என்ன ஆகும்? நுரையீரலுக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் பலூன் இல்லை. இறங்குவதில் இல்லை ஸார் ஆபத்து, ஏறுவதில்தான். டைவிங் வகுப்பில் முதல் பாடமே, 'எக்காரணம் கொண்டும் மூச்சைப் பிடிக்காதே' என்பதுதான். நாமோ தண்ணீரைக் கண்டாலே மூக்கைப் பிடிக்கிற ஜாதி!

இன்னொன்று சோடா சமாசாரம். கோலி சோடாவை உடைத்தவுடன் நுரை பொங்குகிறதல்லவா? அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் விட்டதும் குமிழியாகிறது. ஆழத்தில் நேரம் போகப் போக ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் அப்படித்தான் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சு வழியாகப் போய்விடும். அவசரப்பட்டால் உடம்புக்குள்ளேயே சோடா பொங்கும். மூட்டு வலியில் ஆரம்பித்து பக்கவாதம்வரை போகலாம். அதனால்தான் அந்தமானில் காலையில் முக்குளித்துவிட்டு மதியம் ஃபிளைட் ஏறக் கூடாது என்பது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் தரையில் இருக்கச் சொல்கிறார்கள். ஏர்லைன்ஸ் கவுண்டரில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். லக்கேஜ் எத்தனை கிலோ என்றுதான் கேட்பார்கள்.

இருப்பது ஒரே ஒரு ஃபாரம்

சரி, லைசென்ஸ்தான் இல்லை, எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஒரு மெடிக்கல் ஃபாரம். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரின் கடிதம் வேண்டும்.

நம் ஆட்கள் இதை எப்படி நிரப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? மேலிருந்து கீழே ஒரே கோடு: இல்லை, இல்லை, இல்லை, இல்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில்கூட 'இல்லை' என்று எழுதுகிற வேகம்.

பையன்களில் ஒருத்தனுக்குச் சின்ன வயசிலிருந்து வீஸிங் உண்டு. பனிக்காலத்தில் பாக்கெட்டில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இன்ஹேலர் இருக்கும். "ஆமாம்னு போட்டா இறக்க மாட்டாங்களேண்ணே. பணம் கட்டியாச்சு" என்றான். "உன் பணத்தை அவங்க திருப்பித் தரலாம். உன் மூச்சை யார் திருப்பித் தருவா?" என்றேன். பையன் யோசித்தான். போன இடத்தில் உண்மையை எழுதினான். டாக்டர் கடிதம் இல்லை என்று படகிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் மீனோடு போஸ் கொடுத்துக்கொண்டிருக்க, இவன் செருப்புக்குக் காவல். அன்றைக்கு நாலு பேரில் சட்டத்தை மதித்து நடந்தவன் அவன் ஒருத்தன்தான் - அப்படி ஒரு சட்டம் இல்லாதபோதே!

யோசித்துப் பாருங்கள். இந்த விளையாட்டில் உங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸர் நீங்களேதான். லஞ்சம் வாங்குகிற ஆபீஸரும் நீங்களேதான்.

அந்த ஃபாரத்தோடு இன்னொரு பேப்பரும் வரும். 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டதாலேயே கன்ஸ்யூமர் கோர்ட்டின் கதவு மூடிவிடாது. அஜாக்கிரதையாகச் சேவை செய்தால் கேள்வி கேட்க 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஃபாரத்தில் நீங்களே பொய் எழுதியிருந்தால், எதிர்க்கட்சி வக்கீலுக்கு அதைவிட நல்ல தீபாவளி வராது.

மற்ற ஊரில் எப்படி?

இஸ்ரேலில் 1979-லேயே பொழுதுபோக்கு டைவிங்குக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். கார்டும் வேண்டும், இன்ஷூரன்ஸும் வேண்டும். நமக்குப் பக்கத்தில் மாலத்தீவில் 2003-ல் விதிமுறைகள் வந்தன. எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் 30 மீட்டருக்குக் கீழே கூடாது, தனியாக இறங்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் புத்தி வந்தது ஒரு சோகத்துக்குப் பிறகு. 1998 ஜனவரியில் டாம், ஐலீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதி, கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு படகிலிருந்து இறங்கினார்கள். படகு தலைகளைச் சரியாக எண்ணாமல் கரைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு பேர் குறைகிறார்கள் என்பது இரண்டு நாள் கழித்துப் படகில் அவர்களுடைய பை கிடந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் திரும்பவேயில்லை. இரண்டு பேரும் பயிற்சி பெற்ற டைவர்கள். கார்டு இருந்தது. எண்ணத் தெரிந்த ஆள்தான் படகில் இல்லை. அதற்குப் பிறகு அங்கே தலை எண்ணும் விதி கடுமையானது. ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் பி.டி. மாஸ்டர் செய்கிற வேலை!

சர்ட்டிபிகேட்டும் சட்டமும் இருந்தால் விபத்தே வராதா? நெய்வேலிக்காரன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் அடுத்தடுத்து பாய்லர் விபத்து. பல குடும்பங்கள் ஆளை இழந்தன. அதற்காக 'பாய்லருக்குச் சட்டம் எதற்கு?' என்று யாரும் கேட்கவில்லை. 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டமே வந்தது. சட்டம் விபத்தைத் தடுக்கிறதோ இல்லையோ, நடந்த பிறகு, 'அங்கே யார் இருந்திருக்க வேண்டும்? ஏன் இல்லை?' என்று கேட்க ஒரு பிடி கொடுக்கிறது. கடலுக்கடியில் நமக்கு அந்தப் பிடி இன்னும் கிடைக்கவில்லை.

மச்சான் பிடித்த கயிறு

இதில் வேடிக்கை என்னவென்றால், முக்குளிப்பது தமிழனுக்குப் புது விஷயமே இல்லை. மன்னார் வளைகுடாவில் எத்தனையோ நூற்றாண்டாக முத்துக் குளித்தவர்கள் நாம். அங்கே அரசாங்கம் தலையிடாமல் இல்லை. எந்த வருஷம் குளிக்கலாம், எந்தப் பாரில் குளிக்கலாம், கிடைத்த சிப்பியில் யாருக்கு எத்தனை பங்கு - எல்லாவற்றுக்கும் கணக்கு. இலங்கைப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்தில், சுறாவை மந்திரம் போட்டுக் கட்டுகிறவர் என்று 'கடல்கட்டி' ஒருத்தருக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது! மந்திரவாதிக்குச் சம்பளம் உண்டு, சிப்பிக்குக் கணக்கு உண்டு. குளிக்கிறவனின் மூச்சுக்கு மட்டும் அப்போதும் எந்த ரிஜிஸ்டரும் இல்லை.

அதனால் அவர்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். முக்குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடித்திருப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். அண்ணன் தம்பிகூட சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுவிடலாம். தங்கச்சி தாலி அறுக்க எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான். இன்றைக்கு டைவிங் புத்தகங்களில் 'பட்டி சிஸ்டம்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, இரண்டு இரண்டு பேராக ஜோடி போட்டு ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது, அது இந்த மச்சான் சிஸ்டத்தின் பேரன்தான்.

இன்றைக்கும் தூத்துக்குடிப் பக்கம் சங்கு எடுக்க இறங்குகிறவர்களில் சிலர், படகில் ஒரு கம்ப்ரஸரை வைத்து, ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டுதான் கீழே போகிறார்கள். பொழுதுபோக்குக்கு இல்லை, சோற்றுக்கு. அதே நைட்ரஜன், அதே சோடா. அவர்களிடம் கார்டும் இல்லை, மெடிக்கல் ஃபாரமும் இல்லை. டூரிஸ்டுக்குச் சட்டம் கேட்கிறவர்கள் (நான் உட்பட) இவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால்தான் அது நியாயம்.

பணம் கட்டும் முன்னால்...

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒன்று: என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் யார்? அவர் கார்டு எங்கே? 'உதவியாளர்' என்றால் போதாது, இன்ஸ்ட்ரக்டராக இருக்க வேண்டும். கார்டின் நம்பர் உண்மைதானா என்று பெரும்பாலும் அந்தந்த அமைப்பின் வெப்சைட்டிலேயே சரிபார்த்துவிடலாம்.

இரண்டு: ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? நீச்சல் தெரியாத ஆளுக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் என்பதுதான் நல்லது. கல்யாணப் பந்தி மாதிரி வரிசை கட்டினால் வந்த வழியே திரும்புங்கள்.

மூன்று: சிலிண்டர் கழுத்தில் கடைசியாகப் பரிசோதித்த தேதி என்ன?

நான்கு: படகில் முதலுதவி ஆக்ஸிஜன் இருக்கிறதா? (இங்கேதான் ஆக்ஸிஜன் வேண்டும், முதுகில் இல்லை.) தலைகளை எண்ணுவது யார்?

ஐந்து: மெடிக்கல் ஃபாரம் கொடுத்தார்களா? கொடுக்காத கடைதான் ரொம்ப ஆபத்து. கொடுத்த ஃபாரத்தில் பொய் எழுதுகிற ஆள் அதைவிட ஆபத்து.

இத்தனையும் கேட்டால் சில கடைக்காரர்கள் முறைப்பார்கள். நல்ல கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார். ஆளை எடை போட அந்த ஒரு நிமிஷம் போதும்.

சிலிண்டரை நாக்பூர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். கயிற்றைப் பிடிக்கிறவரை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மச்சானாக இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, கார்டாவது இருக்கட்டும்.